ஒரு விரற்கடை மணல்

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல்ஃப் ஆடுகிற ஒருவரோடு நான் ஏழு வருஷம் ஆடியிருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோல்ஃப் என்றாலே பச்சைப் புல்வெளி, தொப்பி, பின்னால் பை சுமக்க ஓர் ஆள் என்று எல்லோரும் மனசில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் சொல்லிக்கொள்ளும்படியான புல் கிடையாது. பையை நாங்களே மாற்றி மாற்றித் தூக்கினோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் மட்டை. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்பவனிடம் வாங்கியது. ஒருவர் அடித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். அவசரப்பட்டால் நடக்காது. எங்களுக்கும் அப்போது எந்த அவசரமும் இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. ஐம்பத்தைந்து வயதானதும் சர்க்கார் ஒரு மாலையைப் போட்டு, கையில் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளைப் பார்த்தவன் நான். எனக்குக் கீழே வேலை பழகியவர்கள் இரண்டு பேர் எனக்கு மேலே போனார்கள். அதை நான் மறக்கவில்லை, இப்போதும் மறக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை மந்தைவெளி வீட்டில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு நிமிர்ந்தால் மணி ஏழே முக்கால்தான் ஆகியிருந்தது. அன்றைக்குப் பயந்த மாதிரி நான் எந்த மேலதிகாரிக்கும் பயந்ததில்லை.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். வேட்டிக்காரர் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கம். "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்று பிள்ளைகள் அவரைக் கல்லாவிலிருந்து கிளப்பிவிட்டார்கள். அவரிடம்தான் அம்பாசடர் கார் இருந்தது. அவரே ஓட்டுவார். இரண்டாவது, சாந்தோமில் இருந்த ஹெட்மாஸ்டர். காலைப் பூசைக்குப் போய்விட்டு, அதே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து காருக்குக் காத்திருப்பார். மூன்றாவது ஒரு டாக்டர். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோரையும் நடக்கச் சொன்னவர் அவர்தான். வெறுமனே நடக்க அலுப்பாக இருந்ததால்தான் கோல்ஃப் வந்தது.

மைதானம் பாலவாக்கத்தில். திருவான்மியூர் தாண்டியதும் ரோடு என்று பெயருக்கு ஒன்று போகும். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. தோப்புக்கும் கடலுக்கும் நடுவே யாரோ வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் ஒன்பது குழி வெட்டி ஆடிவிட்டுப் போயிருந்தார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் ஹெட்மாஸ்டரிடம் படித்தவர். "ஆடிக்குங்க சார், நான் எப்ப விக்கிறேனோ அதுவரைக்கும்" என்று சொல்லிவிட்டார். காவலுக்கு ஒரு ஆள் இருந்தார். எங்கள் வயதுதான். எங்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவருடைய முக்கியமான வேலை.

புதன், சனி இரண்டு நாள் காலையில் போவோம். ஆறரைக்கு ஆரம்பித்தால் ஒன்பது குழி முடிய ஒன்பது மணி ஆகிவிடும். அதற்கு மேல் வெயில் விடாது.

குழியைச் சுற்றி மற்ற ஊர்களில் புல் வளர்த்திருப்பார்களாம். எங்களுக்கு மணல்தான். கடல் காற்றில் பறக்காமல் இருக்க, மணலில் வண்டியிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயைக் கலந்து, வட்டமாகக் கொட்டி, கெட்டியாக்கி வைத்திருப்பார்கள். நிறத்தைப் பார்த்து அதற்குப் பிரவுன் என்றே பெயர். யார் நடந்தாலும் அதில் கால் தடம் விழும். தடத்தின்மேல் பந்தை உருட்டினால் அது எங்கேயோ போகும். ஆகையால் ஒவ்வொரு பிரவுன் பக்கத்திலும் கம்பில் கட்டிய ஒரு கோணித்துண்டு கிடக்கும். பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிவரை அதை நேராக ஒரு தரம் இழுத்தால் ஓர் அடி அகலத்துக்கு வழவழவென்று பாதை விழும். அதன்மேல்தான் பந்தைத் தள்ள வேண்டும்.

அவரவர் பாதையை அவரவரே இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சண்டை வந்தது. டாக்டர் கோணியை நடுவில் அழுத்தி இழுக்கிறார், பாதை வாய்க்கால் மாதிரி குழிந்துபோகிறது, பந்து தானாகவே உருண்டு குழியில் விழுகிறது என்று ஜவுளிக்கடைக்காரர் குற்றம் சாட்டினார்.

"இது ஆட்டமா, வே? வாய்க்கா வெட்டித் தண்ணி பாய்ச்சுதீரு!"

டாக்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சவுக்குத் தோப்புப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு பேருக்கும் அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஹெட்மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். இனிமேல் ஒருத்தருடைய பாதையை அவருடைய எதிராளிதான் இழுக்க வேண்டும். எதிராளி உங்களுக்காக வாய்க்கால் வெட்டப் போவதில்லை.

"வெட்ட மாட்டான், சரி. மேடு போட்டுட்டான்னா?" என்று கேட்டார் ஜவுளிக்கடைக்காரர்.

"போட மாட்டார்னு நம்பறதாலதானே சார் ஒரே கார்ல வர்றோம்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். உலகத்தில் வேறெந்தக் கோல்ஃப் மைதானத்திலும் அப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது பிடித்திருந்தது. தோற்கடிக்கப் போகிற ஆளுக்காகக் குனிந்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு, நேராகக் கோணி இழுப்பதில் ஒரு மரியாதை இருந்தது.

பந்தயம் என்று எதுவும் கிடையாது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மட்டும் சீட்டுப் போட்டு ஜோடி பிரித்து ஆடுவோம். எல்லோரிலும் குறைந்த அடியில் முடிப்பவருக்குத் திரும்பும்போது காரில் முன் சீட்டு. மற்றவர்கள் பின்னால் மட்டைப் பையோடு நெருக்கிக்கொண்டு வரவேண்டும். சிரிக்கலாம், சிரியுங்கள். ஆனால் அந்த முன் சீட்டில் அடிக்கடி உட்கார்ந்தவன் நான்தான். ஆபீஸில் எனக்குக் கிடைக்காதது எல்லாம் அதில் கிடைத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை மந்தைவெளித் தெருமுனையில் இறங்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இறங்குவேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு டாக்டர், பெண்ணின் பிரசவத்துக்காக பெங்களூர் போனார். போனவர் அங்கேயே ஆறு மாதம் தங்கிவிட்டார். மூன்று பேராக ஆடினால் ஜோடி சேரவில்லை.

என் மனைவிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பையன் டில்லியில், பெண் திருச்சியில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒரு புதன்கிழமை நான் கிளம்பும்போது அவள் புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எல்லாருமா அங்க அப்படி என்னதான் பண்றேள்னு ஒரு நாள் பாத்துட்டு வரேனே. சமுத்திரத்தையும் பாத்த மாதிரி இருக்கும்."

வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. முதல் நாள் சவுக்கு நிழலில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தாள். இரண்டாம் நாள் எங்கள் பின்னாலேயே நடந்தாள். மூன்றாம் நாள் நாலாவது குழியில் ஜவுளிக்கடைக்காரர், பந்தைக் குழிக்குள் தள்ளுகிற மட்டையை அவள் கையில் கொடுத்தார்.

"சும்மா தட்டிப் பாருங்கம்மா. சாமி ஒண்ணும் சொல்லமாட்டாரு."

சாமி என்றது என்னை. அவள் குனிந்து பந்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். ஏழெட்டு அடி இருக்கும். தட்டினாள். பந்து நேராகப் போய் விழுந்தது. காவல்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னா சார் இது! அம்மா கைல பந்து சொன்னபடி கேக்குது!"

எனக்கு ஆச்சரியமில்லை. குழந்தைகள் வீட்டில் இருந்தபோது கேரம் போர்டில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாலே அடியில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டுத் திரும்பப் போய்விடுவாள். குழந்தைகள் போனதும் போர்டு பரணுக்குப் போனது. நான் அவளோடு ஆடியதில்லை. தோற்பேன் என்று தெரியும்.

பிறகு அவள் நாலாவது ஆளானாள். வெகுதூரம் அடிக்க அவளால் முடியாது. இரண்டு அடியில் நாங்கள் போகிற இடத்துக்கு அவளுக்கு மூன்று அடி வேண்டும். ஆனால் பிரவுனுக்கு வந்துவிட்டால் நாங்கள் மூன்று தட்டு தட்டுவதை அவள் ஒன்றில் முடித்துவிடுவாள். முதலில் வெறுங்காலோடு நடந்தாள். நெருஞ்சி குத்தியது. பாண்டி பஜாரில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிரில்லுக்குப் போடுகிறது. எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள் என்று அதைத் துணிப்பையில் வைத்து எடுத்துவருவாள். அடையாறு தாண்டிய பிறகுதான் காரிலேயே போட்டுக்கொள்வாள்.

அங்கே அவள் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. வீட்டில் அவள் சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். அந்த மைதானத்தில், தன் பந்து முள்ளுச்செடிக்குள் போய் மாட்டிக்கொண்டாலும் தலையை நிமிர்த்திக் கடல் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சிரிப்பாள். இன்னும் ஒரே ஒரு தரம் அதைக் கேட்க முடியுமென்றால் என்னிடம் மிச்சமிருக்கிற எதையும் கொடுத்துவிடுவேன். அப்போது எனக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஏன்னா, ஒரு மாசம் நான் ஜெயிச்சு முன் சீட்டுல உக்காந்துண்டு வரணும். கல்யாணத்தன்னிக்குக்கூட என்னைப் பின்னாடிதான் உக்காத்தி வச்சா. அடையாறு பாலத்து மேல வரச்சே முன்னாலேர்ந்து பாத்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"ஜெயிச்சா உக்காந்துக்கோ. யார் வேண்டாங்கறா?" என்றேன்.

அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்கிறவள் இல்லை. புடவை, நகை என்று அவள் வாய்விட்டுக் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அதனால்தான் இந்த ஒன்று இவ்வளவு துல்லியமாக ஞாபகத்தில் இருக்கிறது.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை சீட்டு எடுத்தபோது எனக்கு எதிராளியாக அவளே வந்தாள். ஜவுளிக்கடைக்காரருக்குக் குஷி தாங்கவில்லை. "சாமிக்கு இன்னைக்கு வீட்டுலயும் சோறு இல்ல, கார்லயும் சீட்டு இல்ல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவரும் ஹெட்மாஸ்டரும் மூன்றாவது குழியிலேயே பந்தை மாற்றி மாற்றிப் புதருக்குள் அடித்துவிட்டார்கள். போட்டி எங்கள் இரண்டு பேருக்குள்தான் என்று ஆகிவிட்டது.

அன்று நான் நன்றாகத்தான் ஆடினேன். அவள் என்னைவிட நன்றாக ஆடினாள். எட்டாவது குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமம். ஒன்பதாவதிலும் சமமான அடியில் பிரவுனுக்கு வந்தோம். என் பந்து பன்னிரண்டு அடி தூரத்தில், அவளுடையது ஆறடியில். தூரத்தில் இருப்பவர்தான் முதலில் தள்ள வேண்டும்.

எனக்காக அவள் கோணியை இழுத்தாள். கோலத்துக்கு வாசல் தெளிக்கிற கவனத்தோடு, ஒரே சீராக இழுத்தாள். பாதையில் ஒரு சவுக்கு ஊசி கிடந்தது. உட்கார்ந்து அதைப் பொறுக்கித் தூரப் போட்டாள். நான் தள்ளினேன். பந்து குழியின் உதட்டைத் தொட்டுவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் இதைப் போட்டுவிட்டால் முடிந்தது.

கோணியை நான் எடுத்தேன். ஹெட்மாஸ்டரும் ஜவுளிக்கடைக்காரரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். அவள் குழிக்கு எதிர்ப்பக்கம், பந்துக்கு அருகில் நின்றாள். அந்த ஆறடியை நான் இழுத்துக்கொண்டு வந்தபோது என் மனசில் என்ன ஓடியது என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பெரிதாக எதுவும் ஓடவில்லை. முன் சீட்டில் இவள் உட்கார்ந்து, பின்னால் நான் ஹெட்மாஸ்டருக்கும் மட்டைப் பைக்கும் நடுவில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு தெருமுனையில் இறங்குவது ஒரு கணம் தெரிந்தது. அவ்வளவுதான். குழிக்கு ஓர் அடி முன்னால் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பிக் கோணியைத் தூக்கினேன். பாதைக்குக் குறுக்கே ஒரு விரற்கடை உயரத்துக்கு மணல் மேடாக நின்றது.

எனக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. என் உடம்பு மறைத்திருக்கும். அவளுக்குத் தெரிந்தது. கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மேட்டின் நிழல்கூடக் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுக்கச் சொல்லிக் கேட்க எங்கள் சட்டத்தில் இடம் இருந்தது. டாக்டர் மூன்று தரம்கூட இழுக்கச் சொல்வார். அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் இழுத்திருப்பேன், சத்தியமாக.

அவள் கேட்கவில்லை. குனிந்து, எப்போதும் போல ஒரு தரம் பந்தையும் ஒரு தரம் குழியையும் பார்த்துவிட்டுத் தட்டினாள். பந்து மேட்டில் ஏறி, திசை மாறி, சரிவில் உருண்டு பிரவுனுக்கு வெளியே சாதா மணலில் போய் இறங்கியது. அங்கிருந்து கொண்டுவர ஒன்று, உள்ளே போட ஒன்று. நான் என்னுடையதை ஒரே தட்டில் முடித்தேன். ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

"அடடா, போச்சே! அம்மா கை நடுங்கிட்டுதோ?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"ஆமாம், கொஞ்சம் நடுங்கிடுத்து" என்றாள்.

நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் பின்னால் ஜன்னல் ஓரத்தில். ஹெட்மாஸ்டர் அவளிடம் பேரப் பிள்ளையைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டு வந்தார். அவளும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவள் கிளம்பவில்லை. முட்டி வலிக்கிறது என்றாள். சனிக்கிழமையும் அதே முட்டி. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதல் இரண்டு வாரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் டாக்டர் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவில்லை. ஐந்தாவது குழிக்கும் ஆறாவது குழிக்கும் நடுவே கடல் நன்றாகத் தெரிகிற ஓர் இடம் உண்டு. அங்கே வந்ததும் அவள் நின்றுவிடுவாள், நாங்கள் அவளுக்காகக் காத்திருப்போம். இப்போது காத்திருக்க யாரும் இல்லை, ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனோம். டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. காவல்காரர் என்னைப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா சார், அம்மா இன்னிக்கும் வரலையா? அம்மா இல்லாம கேம் டல்லா கீது சார்."

நான் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்வேன். "எல்லாரும் கேக்கறா, ஒரு நாள் வாயேன்." அவள் சிரிப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு. "முட்டி சரியாகட்டும்" என்பாள். அதே முட்டியோடு கபாலீஸ்வரர் கோவிலுக்கு நடந்து போய் வருவாள், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கறிகாயும் வாங்கி வருவாள். அந்தக் கான்வாஸ் ஷூவைக் கொஞ்ச நாள் கழித்து வேலைக்காரியின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுக்காதே என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு எங்களை அழைத்துப்போகக் கார் அனுப்பியிருந்தார். டிரைவர் மட்டும்தான் இருந்தான். நான் ஓடிப்போய் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஏற்கெனவே பின்னால் ஏறி உட்கார்ந்து, கொசுவத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"நீங்க முன்னாடி உக்காருங்கோ. உங்களுக்குக் கால் நீட்டணும்" என்றாள். கோபமே இல்லாத குரல். கோபமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் இடத்துக்காரர் விற்றுவிட்டார். மனை பிரித்துக் கல் நட்டார்கள். ஏழாவது குழிக்குப் பக்கத்தில் யாரோ கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள். கடைசி நாள் ஆடப் போகும்போது புளியோதரையும் வடையும் கட்டிக் கொடுத்தாள். நீயும் வா என்று கெஞ்சினேன். "அடுப்புல வேலை இருக்கு" என்றாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. நாங்கள் நாலு பேரும் காவல்காரரும் சவுக்கு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹெட்மாஸ்டர், அம்மா கைப் புளியோதரை என்று இரண்டு தரம் சொன்னார். நான் என் பங்கைக் காவல்காரர் பக்கம் நகர்த்திவிட்டேன்.

அதற்குப் பிறகு சேர்ந்து போக இடமில்லாமல் போனது. டாக்டர் பெங்களூருக்கே குடிபோய்விட்டார். ஹெட்மாஸ்டரை எப்போதாவது மெரினாவில் பார்ப்பேன். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்குத் தீபாவளி ஓர் ஆள் மூலம் வேட்டி அனுப்புவார். பிறகு அதுவும் நின்றது.

நானும் அவளும் சாயங்காலங்களில் பஸ் பிடித்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தோம். அப்போதெல்லாம் அங்கே கூட்டம் இருக்காது. மணலில் துண்டை விரித்து உட்காருவோம். அவள் சுண்டல் வாங்கமாட்டாள், வீட்டிலிருந்தே முறுக்கு எடுத்து வருவாள். அப்படி ஒரு நாள், வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும்போதே, நான் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று ஆறு வருஷமாக ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

"அன்னிக்கு ஒன்பதாவது குழியில நான் வேணும்னேதான் மேடு போட்டேன்."

அவள் முறுக்கை ஒடித்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள்.

"தெரியுமே. பாத்துண்டுதானே இருந்தேன்."

"திரும்ப இழுங்கோன்னு கேட்டிருக்கலாமே நீ."

"கேட்டா அவா ரெண்டு பேரும் என்ன ஏதுன்னு வந்து பாத்திருப்பா. உங்களுக்கு அவமானமா போயிருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இத்தனை வருஷம் கோபமாக இருந்துவிட்டாயே, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மேடு போட்டதுக்கா கோபம்? நன்னாயிருக்கே. விளையாட்டுன்னா ஆத்திரத்துல யாரும் பண்றதுதான். என் பசங்க கேரம் போர்டுல பண்ணாததா? நான் அன்னிக்கே மறந்துட்டிருப்பேன்."

"பின்னே ஏன் அங்க வராம நின்னே?"

அலை ஓரத்தில் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்துக்கு வந்து நீங்க குளிக்கப் போனேள். நான் சமையக்கட்டுல இருந்தேன். உள்ள பாடிண்டே குளிச்சேள். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க பாடி நான் கேட்டதில்லை. ரெண்டு குழந்தை பொறந்தப்பகூட இல்லை. அன்னிக்குத்தான் பாடினேள். இவருக்கு இவ்வளவு சந்தோஷம் வரணும்னா நான் தோக்கணுமான்னு இருந்தது. அப்புறம் எனக்கு அங்க வரத் தோணலை. அவ்வளவுதான்."

பிறகு, "பஸ்ஸுக்கு நாழியாச்சு, எழுந்திருங்கோ" என்று துண்டை உதறினாள்.

பாடியது எனக்கு ஞாபகமே இல்லை. என்ன பாட்டு என்றுகூடத் தெரியவில்லை. மேட்டை மட்டும்தான் நான் ஆறு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தேன். அவள் சுமந்தது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் போய் இப்போது ரொம்ப வருஷம் ஆகிறது. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு சந்தோஷமான நாளில், அவள் காதில் விழும்படி, அவளுக்காகவே ஒரு பாட்டுப் பாடிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். பேத்தி பிறந்த அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைக்கூடத் திறந்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. எனக்குக் குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள்.